ஒன்றாம் கால் எது? – கீகேட் நூலக விதிகளைப் பற்றி

மின்சுற்றுப் பலகை வரைய கீகேட் பயன்படுத்துகிறவர்கள் அதன் நூலகத்தைத் தினமும் தொடுகிறோம். அந்த நூலகத்தில் உள்ள ஒவ்வொரு படமும் எப்படி வரையப்படவேண்டும் என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. கீகேட் லைப்ரரி கன்வென்ஷன் என்று பெயர், சுருக்கமாக கேஎல்சி. வழக்கமாக நாம் தேவைப்படும் விதியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். இந்த முறை ஒரு புத்தகத்தை வாசிப்பதுபோல முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அந்த வாசிப்பில் எழுந்த விமர்சனம் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரைபடம் இன்னொரு வரைபடத்தோடு ஒத்துப்போக இதைவிட நல்ல விதிகள் எழுதுவது கஷ்டம். ஆனால் வரைபடம் கையில் இருக்கும் பொருளோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்விக்கு இதில் கிடைக்கிற இடம் மிகவும் கொஞ்சம். நான் பார்த்த வீணாய்ப்போன பலகைகளில் பலவும் இந்த இரண்டாவது கேள்வியில் கவிழ்ந்தவைதான்.

ஒரு பொருளுக்கு இரண்டு படம்

புதிதாக வருகிறவர்களுக்காக அடிப்படையைக் கொஞ்சம் சொல்கிறேன். பலகையில் வைக்கும் ஒவ்வொரு பாகமும் இரண்டு முறை வரையப்படுகிறது. சுற்றுப்படத்தில் அதற்கு ஒரு குறியீடு. அது அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று சொல்லும். பலகையில் அதற்கு ஒரு ஃபுட்பிரிண்ட். அது எந்த இடத்தில், எந்த அளவில் செம்பு இருக்கவேண்டும் என்று சொல்லும். ஃபுட்பிரிண்ட் என்பதைக் கால்தடம் என்றே இங்கே எழுதுகிறேன். நம்ம ஊர் ரேடியோ மெக்கானிக் "எட்டுக்கால் ஐசி", "மூணு கால் டிரான்சிஸ்டர்" என்றுதானே சொல்வார்! கால் இருந்தால் தடமும் இருக்கும்.

இந்த இரண்டு படங்களையும் வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள். குறியீட்டில் கால்கள் வேலைவாரியாக நிற்கும்: உள்ளீடு இடது பக்கம், வெளியீடு வலது பக்கம், மின்வழங்கல் மேலே, கிரவுண்ட் கீழே. கால்தடத்தில் அவை பொருளில் இருக்கிற வரிசையில் நிற்கும். இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு விஷயம், கால் எண். குறியீட்டில் 3 என்று எழுதிய கால், கால்தடத்தில் 3 என்று எழுதிய பேடோடு சேரும். 3 என்பது உண்மையில் கலெக்டரா எமிட்டரா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 3-ம் 3-ம் ஒன்று என்பது மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரே எட்டுக்கால் கால்தடத்தை ஆயிரம் வகைச் சில்லுகளுக்குப் பயன்படுத்த முடிவது இதனால்தான். ஆனால் பாரம் முழுக்க அந்த எண்ணின் மேல் விழுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாராட்டவேண்டியவை

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும், நிறைய இருக்கிறது.

கீகேட் 1992-ல் பிரான்ஸில் ழான்-பியர் ஷரா தொடங்கியது. பின்னால் செர்ன் ஆய்வகமும் கைகொடுத்தது. நூலகத்தைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பல ஊர், பல பழக்கம், பல கை வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் ஒரே கை வரைந்ததுபோல இருக்கின்றன என்றால் அதற்கு கேஎல்சிதான் காரணம்.

கால்தடத்தைச் சுற்றி மூன்று வகைக் கோடுகள் போடச் சொல்கிறது அந்த விதி. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில்க்ஸ்க்ரீன் கோடு 0.12 மில்லிமீட்டர். அது பலகையிலேயே அச்சாகும். அதைப் படிக்கிறவர் பாகத்தை வைத்துச் சால்டர் செய்கிறவரும், பின்னாளில் பழுது பார்க்கிறவரும். ஆகவே அது பேடின் மேல் ஏறக்கூடாது, பாகத்துக்கு அடியில் ஒளியக்கூடாது, பாகம் உட்கார்ந்த பிறகும் ஒன்றாம் காலின் அடையாளம் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஃபேப் அடுக்கின் கோடு 0.10. அது ஆவணத்துக்கு, பாகத்தின் உண்மையான உடல் அளவைக் காட்டும். மூன்றாவது முற்றம், கோர்ட்யார்ட். 0.05 கோடு. இந்த எல்லைக்குள் வேறு பாகம் வரக்கூடாது என்று மென்பொருளுக்குச் சொல்வது அது. சாதாரணமாகப் பாகத்தைச் சுற்றி 0.25 மில்லிமீட்டர், கனெக்டருக்கு 0.5, அடியில் உருண்டைகள் கொண்ட பிஜிஏ சில்லுக்கு 1.0. ஒரே பொருளுக்கு மூன்று எல்லைக்கோடு, மூன்று விதமான வாசகர்கள். யாருக்காக வரைகிறோம் என்று யோசித்துப் போட்ட கோடுகள் இவை.

அடுத்து, பெயர்கள். எஸ்ஓ-8 என்று கடையில் கேட்டால் எந்த அகலத்தில் வேண்டுமானாலும் கிடைக்கும். 3.9 மில்லிமீட்டர் உடல் கொண்டது ஒன்று. 5.3 மில்லிமீட்டர் அளவில் இன்னொன்று, ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் இது சாதாரணம். 7.5 மில்லிமீட்டரில் இன்னும் அகலமான வகையும் உண்டு. எல்லாவற்றிலும் கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர்தான். அதனால் திரையில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கேஎல்சி இந்தக் குழப்பத்துக்கு இடமே தருவதில்லை. எஸ்ஓஐசி-8 என்பதோடு உடல் அளவு, கால் இடைவெளி இரண்டையும் பெயரிலேயே எழுதச் சொல்கிறது. ரெசிஸ்டருக்கும் அதேதான். அங்குலக் கணக்கில் 0603 என்பது 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர். மெட்ரிக் கணக்கில் அதே 0603 என்பது 0.6-க்கு 0.3, மணலைப்போல இருக்கும். கீகேட் நூலகத்தில் 0603-ஐத் தேடினால் பக்கத்திலேயே 1608 மெட்ரிக் என்று எழுதியிருக்கும். இந்தச் சின்ன மரியாதை எத்தனை பேருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கும்!

பேடின் அளவும் குருட்டாம்போக்கில் வருவதில்லை. ஐபிசி-7351 தரத்தின் கணக்கை நிரலாக எழுதி, அதிலிருந்து நிறையக் கால்தடங்களை உருவாக்குகிறார்கள். அந்தத் தரத்தில் சால்டர் ஏறும் இடங்களுக்கு விரல், குதிகால், பக்கம் என்று பெயர். வெளியே வளைந்த கால் கொண்ட சில்லுக்கு, கால் இடைவெளி 0.625-க்கு மேல் இருந்தால், நடுத்தர நிலையில் விரலுக்கு 0.35 மில்லிமீட்டர், குதிகாலுக்கு 0.35, பக்கத்துக்கு 0.03. ஐபிசி தரம் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஆவணம். அதன் பலனைக் காசில்லாமல் ஒரு பாலிடெக்னிக் மாணவன் கையில் கொண்டுவந்து சேர்த்தது இந்த நூலகம். கையால் சால்டர் வைக்கிறவர்களுக்காகப் பேடை நீட்டிய தனி வகைகளும் இருக்கின்றன. நம்ம கல்லூரி லேப்களுக்கு அவைதான் பொருத்தம்.

தப்பைத் திருத்திக்கொண்ட வரலாறும் இருக்கிறது. பழைய நூலகத்தில் 7400 வரிசை லாஜிக் சில்லுகளின் மின்வழங்கல் கால்களை மறைத்து வைத்திருந்தார்கள். படம் சுத்தமாக இருக்கும். ஆனால் மறைந்த மின்வழங்கல் கால் தன் பெயருள்ள இணைப்போடு தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் இருக்கிற பலகையில், யாரும் வரையாத ஒரு கம்பி எங்கே போகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. இப்போது அந்தக் கால்கள் தனி அலகாக வெளியே நிற்கின்றன. படம் கொஞ்சம் நெரிசலாகிவிட்டது, ஆனால் நேர்மையாகிவிட்டது. அழகுக்காக உண்மையை மறைக்கக்கூடாது என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நான் கேட்பது அதன் அடுத்த படியை.

பச்சை டிக் எதைச் சொல்கிறது?

கோவைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பட்டறை. பம்ப்செட்டுக்கு டைமர் பலகை செய்கிறார்கள். ஒரு தடவை 40 பலகை போட்டார்கள். ரிலேயை இழுக்க ஒரு டிரான்சிஸ்டர். சுற்றுப்படத்தில் முதலில் இருந்தது 2என்3904. அது அன்றைக்குக் கையில் இல்லை, பிசி547 இருந்தது. இரண்டும் என்பிஎன், இரண்டும் டிஓ-92 கூடு, இரண்டும் சில்லறை விலை. படம் வரைந்தவர் குறியீட்டின் மதிப்பு என்ற கட்டத்தில் பெயரை மட்டும் மாற்றினார். மின்விதிச் சோதனை ஓட்டினார், பிழை இல்லை. பலகைச் சோதனை ஓட்டினார், அதிலும் பிழை இல்லை. படமும் பலகையும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டார், ஒத்துப்போகின்றன என்றது மென்பொருள்.

பலகை வந்தது, பாகங்கள் ஏறின. ரிலே சில பலகையில் இழுக்கிறது, சிலதில் இழுக்கவில்லை. இழுத்ததும் உறுதியாக நிற்கவில்லை. முதலாளி நேராகப் போய் நின்றது சால்டர் வைக்கும் பெண்ணிடம்.

"ஏம்மா, டிரான்சிஸ்டர திருப்பி வெச்சுட்டியா?"

"இல்லீங்ணா. தட்டைப் பக்கம் எந்தப் பக்கம்னு பலகையிலயே போட்டிருக்குதுங்க. அதே மாதிரிதானுங்க வெச்சேன்."

அவர் நம்பவில்லை. ரெண்டு நாள் அந்தப் பெண்ணின் வேலையைத்தான் சோதித்தார்கள். நான் வேறு வேலையாக அங்கே போனபோது ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள். அவள் வைத்தது அத்தனையும் படத்தின்படி சரி.

விஷயம் இவ்வளவுதான். எழுத்து இருக்கும் தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்த்து வைத்தால், 2என்3904-ன் கால்கள் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-ல் கலெக்டர், பேஸ், எமிட்டர். நடுக்கால் ஒன்றுதான், ஓரக்கால் இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. எமிட்டரும் கலெக்டரும் மாறினாலும் டிரான்சிஸ்டர் அடியோடு சாவதில்லை. பெருக்கம் மட்டும் மிகச் சொற்பமாகிவிடும். ஆகவே பாதி வேலை செய்யும். கண்டுபிடிக்கக் கஷ்டமான பழுது இந்த மாதிரிப் பழுதுதான்.

நடுவில் பேஸ் இருந்ததால் வழி ஒன்று கிடைத்தது. 40 டிரான்சிஸ்டரையும் கழற்றி, பலகையில் அச்சான படத்துக்கு நேர் எதிராகத் திருப்பி வைத்தார்கள். வேலை செய்தது. அதன்பிறகு அந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும், "இந்த ஒரு இடத்துல மட்டும் படத்தைப் பாக்காதே" என்று சொல்லவேண்டி வந்தது. சில்க்ஸ்க்ரீனைப் பற்றி கேஎல்சி எழுதிய அத்தனை அழகான விதிகளும் அந்த இடத்தில் செத்துவிட்டன.

இதில் நூலகத்தின் தப்பு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கீகேட் நூலகத்தில் 2என்3904-க்கும் பிசி547-க்கும் தனித்தனிக் குறியீடு, சரியான கால் எண்களோடு இருக்கிறது. பொதுவான டிரான்சிஸ்டர் குறியீடுகளிலும் கால் வரிசையைப் பெயரிலேயே ஒட்டி, இபிசி, பிஇசி என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். "எந்த வரிசை என்று நீதான் முடிவெடு" என்று வரைகிறவனை நிறுத்திக் கேட்கும் பெயர் அது. நல்ல யோசனை. ஆனால் மதிப்பு என்ற கட்டம் வெறும் எழுத்து. அதில் பிசி547 என்று எழுதினாலும், பழனி பஞ்சாமிர்தம் என்று எழுதினாலும் சோதனை ஓடும், பச்சை டிக் வரும். பொருளின் பெயர் எழுதப்படுகிற ஒரே இடம் அதுதான், அந்த இடத்தைத்தான் யாரும் படிப்பதில்லை.

குறியீட்டுக்குப் பொருந்தும் கால்தடத்தைக் காட்டும் வடிகட்டியும் அப்படித்தான். அது பெயரையும் கால்களின் எண்ணிக்கையையும் வைத்துச் சலிக்கிறது. டிஓ-92 என்றால் டிஓ-92. உள்ளே எந்தக் கால் எது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

ஆக, பச்சை டிக் சொல்வது இதுதான்: நீ வரைந்த படம், நீ வரைந்த இன்னொரு படத்தோடு ஒத்துப்போகிறது. அதை "பலகை சரி" என்று நாம் படித்துக்கொள்கிறோம். படங்கள் எவ்வளவு சீராக இருக்கின்றனவோ அவ்வளவு எளிதாக அப்படிப் படித்துவிடுகிறோம். கோடு கோணலாக, எழுத்து பெரிதும் சிறிதுமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகமாவது வந்திருக்கும்.

ஒன்று என்ற எண்ணின் சுமை

டிரான்சிஸ்டர் ஒரு உதாரணம்தான். ஒன்றாம் கால் என்பதே ஊருக்கு ஊர் மாறுகிற சொல்.

கீகேட் நூலகத்தில் டையோடின் 1-ம் கால் கேதோடு. சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடும் ஸ்பைஸ் மொழியில் டையோடை எழுதினால் முதலில் வருவது ஆனோடு. அதே டையோடு, அதே மென்பொருள், ஆனால் எண் தலைகீழ். இடையில் ஒரு பொருத்தப் பட்டியல் உட்கார்ந்து மொழிபெயர்க்கவேண்டியிருக்கிறது. வேறு இடத்திலிருந்து இறக்கிய கால்தடத்தில் ஆனோடை 1 என்று போட்டிருந்தால் டையோடு தலைகீழாக உட்காரும், எந்தச் சோதனையும் வாய் திறக்காது.

பொருளின் மேல் இருக்கும் பட்டைக்கு வருவோம். டையோடில் பட்டை என்றால் கேதோடு. டான்டலம் கெபாசிட்டரில் பட்டை என்றால் பிளஸ். அலுமினிய எலெக்ட்ரோலிட்டிக்கில் பட்டை என்றால் மைனஸ். சால்டர் வைக்கிறவரின் கண்ணில் மூன்றும் பட்டைதான். நூலகம் கெபாசிட்டரில் பிளஸை 1 என்று வைத்துக்கொண்டு சீராக இருக்கிறது. சீராக இருப்பது வரைகிறவனுக்கு நல்லது. பட்டையைப் பார்த்து வைக்கிறவருக்கு அந்தச் சீர்மை தெரிவதில்லை.

அதே ஒன்றாம் கால் இயந்திரத்துக்குப் போனால் இன்னொரு தகராறு. சுழற்சி பூஜ்யமாக இருக்கும்போது ஒன்றாம் கால் மேல் இடது மூலையில் இருக்கவேண்டும் என்கிறது கேஎல்சி. பாகங்களைச் சுருளில் அடைக்கும் டேப்பில் எந்தத் திசையில் உட்காரவேண்டும் என்பதற்கு இஐஏ-481 என்று வேறு தரம் இருக்கிறது. இரண்டும் ஒரே திசையைச் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே இயந்திரத்தில் பாகம் ஏற்றும் இடங்களில், இந்தக் கூட்டுக்கு 90 டிகிரி, அந்தக் கூட்டுக்கு 180 டிகிரி என்று ஒரு சுழற்சித் திருத்தப் பட்டியல் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நல்ல விதிகள் பேசிக்கொள்ளாததற்கு நாம் கட்டும் அபராதம் அது.

எந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள்?

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். கால்தடத்தை வரைகிறவன் டேட்டாஷீட்டில் உள்ள இயந்திரப் படத்தைப் பார்த்து வரைகிறான். அந்தப் படம் எந்தப் பக்கம் நின்று பார்த்து வரைந்தது?

இந்தியக் கல்லூரிகளில் பொறியியல் வரைபடத்தை முதல் கோண முறையில்தான் கற்றுக்கொள்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 கையேடு சொல்லும் முறை அது. அதில் முன்பக்கப் படத்துக்குக் கீழே வருவது மேலிருந்து பார்க்கும் தோற்றம். அமெரிக்கா, ஜப்பான் நாடுகளில் மூன்றாம் கோண முறை. அதில் முன்பக்கப் படத்துக்குக் கீழே வருவது அடியிலிருந்து பார்க்கும் தோற்றம். காகிதத்தில் அதே இடம், அதே மாதிரிச் சதுரம், சுற்றிலும் கால்கள். நம்ம பழக்கத்தில் அது மேல்பக்கம், வரைந்தவர் பழக்கத்தில் அது அடிப்பக்கம். மூலையில் வெட்டிய கூம்பின் சின்னம் ஒன்று இருந்தால் அதைப் பார்த்து எந்தக் கோணம் என்று தெரிந்துகொள்ளலாம். டேட்டாஷீட்டில் அது எப்போதும் இருக்கும் என்று நம்பமுடியாது.

அடிப்பக்கத்தை மேல்பக்கம் என்று படித்தால் கால்தடம் கண்ணாடியில் பார்த்தமாதிரி இடவலம் மாறிவிடும். ரெசிஸ்டருக்குக் கவலையில்லை. கம்பிக்கால் பாகமாக இருந்தால் பலகையின் மறுபக்கம் வைத்துச் சமாளிக்கலாம். வெளியே வளைந்த கால் கொண்ட சில்லு என்றால் அதை மல்லாக்கப் போட்டுக் கம்பி இழுத்து ஒரு மாதிரிப் பலகையையாவது ஓட்டிப் பார்க்கலாம். கியூஎஃப்என் கூடு என்றால் அவ்வளவுதான். அதில் கால்கள் அடியில்தான் இருக்கின்றன. அதனாலேயே டேட்டாஷீட்டில் அதை அடியிலிருந்து பார்த்த தோற்றமாகவும் வரைகிறார்கள். தப்பாகப் படிக்க மிக வசதியான படம் எந்தக் கூட்டுக்கு இருக்கிறதோ, அந்தக் கூட்டுக்குத்தான் தப்பைத் திருத்த வழியும் இல்லை.

இது புதுத் தொல்லையும் கிடையாது. லேபில் நாம் வைத்து விளையாடிய பிசி107 போன்ற உலோகத்தொப்பி டிரான்சிஸ்டர்களைக் கால்பக்கம் நம்மைப் பார்க்க வைத்துத்தான் படம் போடுவார்கள். ஐசியை மேலிருந்து பார்த்து எண்ணுவோம். இரண்டு பழக்கமும் ஒரே மேசையில் கிடந்தன. கனெக்டர் என்றால் இன்னொரு கேள்வியும் சேரும்: செருகும் முகத்திலிருந்து பார்த்ததா, கம்பி நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்ததா?

கேஎல்சி இங்கே என்ன சொல்கிறது? கால்தடத்தின் விவரணையில் டேட்டாஷீட்டின் முகவரி இருக்கவேண்டும் என்கிறது. நூலகத்தில் சேர்க்கும்முன் இன்னொரு தன்னார்வலர் அதைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். இது பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கனெக்டருக்கும் சுவிட்சுக்கும் ரிலேக்கும் கால்தடத்தை நாமே வரைகிறோம், அல்லது எங்கிருந்தோ இறக்குகிறோம். அப்போது கேஎல்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது கோட்டின் தடிமனை மட்டும்தான். 0.12 சரியாக இருக்கும், முற்றம் சரியாக இருக்கும், ஒன்றாம் காலுக்குப் புள்ளி சரியாக இருக்கும். இடவலம் மாறியிருக்கும். நூலகத்தின் சீருடையைப் போட்டுக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம்ம தொழிலில் ஏட்டுச் சுரைக்காயைத்தான் முதலில் வரைந்தாகவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அது எந்தச் சுரைக்காயைப் பார்த்து வரைந்தது என்று ஏட்டிலேயே எழுதிவைக்கலாமே?

நான் கேட்பது

மூன்று சேர்க்கைகள். மூன்றும் சின்னவை.

ஒன்று, கால்தடத்தின் விவரணையில் டேட்டாஷீட் முகவரியோடு, எந்தப் பக்கத்தில் உள்ள எந்தப் படம், அது மேல்தோற்றமா அடித்தோற்றமா என்பதையும் எழுதவேண்டும் என்று ஒரு விதி. இதை எழுத உட்கார்ந்தாலே வரைகிறவன் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கவேண்டிவரும். பாதித் தப்பு அங்கேயே பிடிபடும்.

இரண்டு, பொருளை வைத்துப் பார்த்தாயிற்றா என்று ஒரு கட்டம். காகிதத்தில் மட்டும் பார்த்தது, உண்மைப் பாகத்தை வைத்துப் பார்த்தது, பலகையாகப் போட்டு ஓட்டிப் பார்த்தது என்று மூன்று நிலை போதும். இன்றைக்கு நூலகத்தில் இந்த மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. எது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் எதை நாம் சோதிக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

மூன்று, மூன்றுகால் பாகங்களில் சில்க்ஸ்க்ரீனில் வெறும் புள்ளியோடு நிற்காமல், இடம் இருந்தால் ஒவ்வொரு காலின் வேலையையும் ஒற்றை எழுத்தில் போட அனுமதி. டிஓ-92-க்குப் பக்கத்தில் எமிட்டருக்கு ஒரு எழுத்து, கலெக்டருக்கு ஒரு எழுத்து. ஒரே கால்தடம் பல பாகங்களுக்குப் பொதுவாக இருப்பதால் இதை நூலகத்தில் நிரந்தரமாகப் போடமுடியாது என்பது உண்மையான ஆட்சேபணை. பலகை போடுகிறவன் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவேண்டும் என்று விதித்தொகுப்பு ஒரு வரி பரிந்துரைத்தால் போதும். அந்த எழுத்து இருந்திருந்தால், கோவைப் பட்டறையில் மல்டிமீட்டர் வைத்திருந்த யாரும் பத்து நிமிஷத்தில் உண்மையைக் கண்டிருப்பார்கள். அந்தப் பெண் இரண்டு நாள் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கவேண்டாம்.

விதி மாறும்வரை நாம் செய்யக்கூடியது பழைய வழிதான். பலகையை நூறு சதவீத அளவில், அளவு சுருங்காமல், காகிதத்தில் அச்செடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பாகத்தை முதலில் வாங்குங்கள். பாகத்தைக் காகிதத்தின் மேல் வையுங்கள், கால் பேடில் உட்காருகிறதா பாருங்கள். பிறகு டேட்டாஷீட்டைத் திறந்து, மதிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிற அதே பெயருள்ள டேட்டாஷீட்டைத்தான் திறந்திருக்கிறீர்களா என்று பார்த்து, ஒவ்வொரு காலாக விரல் வைத்துச் சொல்லுங்கள்: இது 1, இதன் வேலை இது, படத்திலும் இதுதான். ஒரு சாதாரணப் பலகைக்கு அரை மணி நேரம் ஆகும்.

விதி என்பது அனுபவம் உள்ளவன் இல்லாதவனுக்கு விட்டுவைக்கும் குறிப்பு. கோட்டின் தடிமன் எவ்வளவு என்று கேஎல்சி அப்படி ஒரு குறிப்பை அருமையாக விட்டுவைத்திருக்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தேன் என்ற குறிப்பும் அதில் சேரட்டும்.